பிடி புரதத்துக்குப் புழு சாகலையா? கரைச்ச விதத்தைப் பாருங்க

வணக்கம் மக்களே! இன்னைக்கு பிடி (Bt, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாவோட க்ரை (Cry) புரதம், அதாவது அது படிகமா சேர்த்து வைக்கிற, புழுவைக் கொல்ற புரதம். சோதனையில புழு சாகலைன்னதும் "இந்த ஜீன் வேஸ்ட்"னு ஒதுக்கிடாதீங்க. பெரும்பாலும் கோளாறு புரதத்துல இல்ல, அதைக் கரைக்கிற விதத்துல இருக்கு.

பாக்டீரியா வளர்ப்பு: டி3 ஊடகம் (பிடி வளர்க்கிற சத்துக் கரைசல்), 30 டிகிரி, குலுக்கிக்கிட்டே மூணு நாலு நாள். நாள் கணக்கை நம்பாம ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாருங்க. செல் உடைஞ்சு, முட்டை வடிவத்துல பளிச்சுனு ஸ்போரும் (பாக்டீரியாவோட உறங்குநிலை வித்து), ரெண்டு முனையும் கூரா கொஞ்சம் மங்கலான க்ரை புரதப் படிகமும் தனித்தனியா மிதக்கணும். செல்லுக்குள்ளயே இருந்தா இன்னும் பொறுங்க.

அடுத்து சென்ட்ரிஃபியூஜ். அடியில தங்குற வண்டலை (படிகம் இதுலதான் இருக்கு) 1 மோலார் உப்புத் தண்ணியில கழுவி, அப்புறம் வெறும் தண்ணியில ரெண்டு தடவை. பாக்டீரியாவோட சொந்த புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுற நொதி) ஒட்டிக்கிட்டிருந்தா புரதத்தை அதுவே தின்னுடும். அதைத் தடுக்க பிஎம்எஸ்எஃப் போடுவாங்க, சரிதான். ஆனா நாம பின்னால புரதத்தை வெட்டப் போடுற டிரிப்சின் நொதியையும் அது முடக்கும்! கழுவி எடுக்காம அடுத்த கட்டத்துக்குப் போகாதீங்க.

இப்ப முக்கியமான இடம், படிகத்தைக் கரைக்கிறது. 50 மில்லிமோலார் சோடியம் கார்பனேட், பிஎச் 10.5, 10 மில்லிமோலார் டிடிடி, 37 டிகிரி, ரெண்டு மணி நேரம். படிகத்துல டைசல்ஃபைடு பிணைப்பு இருக்கு. அதை உடைக்கத்தான் டிடிடி. பழைய டிடிடி ஆக்ஸிஜன் பட்டு வீணாகியிருக்கும், அன்னன்னைக்கு கலக்குங்க. அந்துப்பூச்சிப் புழுவோட நடுக்குடல் காரத்தன்மையா இருக்கிறதாலதான் படிகம் அங்க தானா கரையுது. நாம அதையே குழாயில செய்றோம். கரைஞ்சதை பிஎச் 7க்கு இறக்கினா சில க்ரை புரதம் வெள்ளையா திரண்டு அடியில உக்காந்துரும். நீங்க மேல இருக்கிற தெளிவை எடுத்துப் புழுவுக்குக் குடுத்துட்டு, சாகலையேன்னு முழிப்பீங்க.

அடுத்து கரைஞ்ச புரதத்தை வெட்ட டிரிப்சின், எடைக்கு எடை புரதம் 50க்கு டிரிப்சின் 1. புரதத்தை அளவு வாரியா பிரிச்சுக் காட்டுற ஜெல்லுல க்ரை1ஏசி (ஒரு வகை க்ரை புரதம்) 130 கிலோடால்டன்ல (புரத அளவோட அலகு) இருந்து 65 பக்கம் இறங்கணும். ஜெல் பாக்காம புழுச் சோதனைக்குப் போகவே கூடாது, இதுல நான் பிடிவாதம்.

சோதனையில உணவுக் கூழ் மேல ஒவ்வொரு குழியிலயும் கரைசலைப் பரப்பி, நல்லா காயவிடுங்க. ஈரமிருந்தா குட்டிப்புழு முங்கிச் செத்துரும். பொரிச்சு 24 மணி நேரத்துக்குள்ள இருக்கிற புழு, குழிக்கு ஒண்ணுதான்; காய்ப்புழு ஒண்ணை ஒண்ணு தின்னும். பஃபர் மட்டும் போட்ட கன்ட்ரோல் கட்டாயம். அதுலயே 20 சதவீதத்துக்கு மேல செத்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு திரும்பச் செய்யுங்க. ஏழாம் நாள் எண்ணும்போது, உயிரோட இருந்தும் முதல் பருவத்தைத் தாண்டாத புழுவைத் தனியா குறிங்க. பல புரதத்தோட வேலையே வளர்ச்சியை நிறுத்துறதுதான்.

ஒண்ணு விட்டுட்டேன். விப்3ஏ (Vip3A, பிடியோட இன்னொரு புழுக்கொல்லி புரதம்) தேடுறவங்க வண்டலை நோண்டாதீங்க, அது படிகமாகாது. செல் வளரும்போதே வெளியில சுரக்கும். சென்ட்ரிஃபியூஜ் பண்ணதும் நீங்க சிங்க்ல ஊத்துற அந்த மேல்தண்ணியிலதான் அது இருக்கு.