எஃப் லைன் டிராம்: அந்தச் சத்தமும் அந்த ஓட்டமும் எங்கிருந்து வருகின்றன?

[காட்சி: கருப்புத் திரை. நிற்காத, தாழ்ந்த ஒரு ரீங்காரம். நடுவில் இரண்டு முறை மணியடிப்பு.]

முதலில் இந்த ரீங்காரத்தைக் கேளுங்கள். வண்டி நிறுத்தத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் வண்டித் தரைக்கு அடியில் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. சிறுவயதில் அமெரிக்க நகரங்களில் டிராம் ஏறிப் பள்ளிக்குப் போனவர்கள் இன்று அதே வண்டியில் கால் வைத்ததும் பழைய காலத்துக்குப் போய்விடுவதற்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம். இது எந்தப் பாகத்தின் சத்தம், வண்டி ஏன் இப்படி வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது, திடீரென்று எப்போது மௌனமாகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

[காட்சி: சான் பிரான்சிஸ்கோ, மார்க்கெட் தெரு. பச்சையும் க்ரீமும் பூசிய ஒற்றை டிராம் வருகிறது.]

இது சான் பிரான்சிஸ்கோவின் எஃப் லைன். காஸ்ட்ரோவில் கிளம்பி, மார்க்கெட் தெரு நெடுக வந்து, ஃபெர்ரி கட்டடத்தருகே வடக்கே திரும்பி, எம்பார்கடேரோ என்ற கடலோரச் சாலை வழியாக ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் போய்ச் சேரும். நீளம் சுமார் 6 மைல். வண்டிகள் எல்லாம் பழசு. ஆனால் இது காட்சிக்கு ஓட்டும் வண்டி அல்ல. மியூனி என்ற நகரப் போக்குவரத்துத் துறையின் அன்றாட வழித்தடம். பஸ் கட்டணம்தான், கிளிப்பர் என்ற பயண அட்டை செல்லும்.

மேடு ஏறும் கேபிள் கார் வேறு, அதற்குக் கட்டணமும் தனி. கேபிள் காரில் மோட்டாரே கிடையாது. சாலைக்கு அடியில் ஓடும் எஃகு வடத்தைக் கவ்விக்கொண்டு நகரும். டிராமோ தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து 600 வோல்ட் டிசி மின்சாரம் எடுத்துத் தன் மோட்டாரில் ஓடும்.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்.]

இந்தத் தடம் உருவானது கொஞ்சம் தற்செயலாக. மார்க்கெட் தெரு டிராம்கள் 1980களின் தொடக்கத்தில் சுரங்கப்பாதைக்குள் இறங்கின. மேலே தண்டவாளம் சும்மா கிடந்தது. 1982 செப்டம்பரில் கேபிள் கார் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்க நிறுத்தினார்கள். ஊருக்கு வருபவர்களுக்கு ஏற ஏதாவது வேண்டுமே என்று 1983 கோடையில் பழைய டிராம்களைத் திரட்டி அந்தத் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். ஒரு கோடைக்கென்று தொடங்கியது 1987 வரை தொடர்ந்தது. 1995 செப்டம்பர் 1 அன்று எஃப் லைன் நிரந்தரச் சேவையானது. 1989 நிலநடுக்கத்தில் சேதமான கடலோர மேம்பாலத்தை அதற்குள் இடித்திருந்தார்கள். அந்த இடத்தில் தண்டவாளம் போட்டு 2000 மார்ச்சில் வார்ஃப் வரை நீட்டினார்கள். அந்த மேம்பாலம் நின்றிருந்தால், ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு போகும் இந்தப் பயணமே கிடைத்திருக்காது.

[காட்சி: டிராமின் முன்பகுதி. உருண்டையான நெற்றி, ஒற்றை ஹெட்லைட்.]

எஃப் லைனில் அதிகம் ஓடுவது பிசிசி வகை. கார்களும் பஸ்களும் பயணிகளை இழுத்துக்கொண்டு போன காலத்தில், 1929ல் அமெரிக்க டிராம் கம்பெனிகளின் தலைவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். பெயர் பிரசிடென்ட்ஸ் கான்ஃபரன்ஸ் கமிட்டி. அதன் சுருக்கமே வண்டிக்கும் பெயரானது. தலைமைப் பொறியாளர் கிளாரன்ஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். அவர் குழு முதலில் ஆராய்ந்தது மோட்டாரை அல்ல, நின்றுகொண்டு வரும் பயணியை. வேகம் கூடும்போது மனிதன் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறான்?

வேகம் சீராகக் கூடினால் உடம்பு அதற்கு ஏற்பச் சாய்ந்து சமாளித்துக்கொள்கிறது. அந்த உந்துதல் திடீரென்று மாறும்போதுதான் ஆள் விழுகிறான். பொறியியலில் இதற்கு ஜெர்க் என்று பெயர். ஆக, வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டியதில்லை, ஜெர்க்கை ஒழித்தால் போதும். 1936ல் புரூக்ளினில் ஓடத் தொடங்கிய முதல் பிசிசி இந்தக் கணக்கில் பிறந்தது.

[காட்சி: பழைய டிராமின் கைப்பிடிக் கன்ட்ரோலர். பக்கத்தில் பிசிசியின் வட்ட வடிவ ஆக்ஸிலரேட்டர்.]

அதற்கு முந்தைய டிராம்களில் ஓட்டுநர் ஒரு பித்தளைக் கைப்பிடியை நாட்ச் நாட்சாக, அதாவது படிப்படியாகத் திருப்புவார். எட்டு, பத்து நாட்ச்தான் இருக்கும். ஒவ்வொரு நாட்சிலும், மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கழன்று மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் போகும். ஒவ்வொரு முறையும் முதுகில் ஒரு தள்ளு விழும். ஓட்டுநர் அவசரப்பட்டால் தள்ளு பலமாக இருக்கும்.

பிசிசியில் கைப்பிடி கிடையாது. ஒரு வட்டத்தைச் சுற்றிலும் ரெசிஸ்டன்ஸ் முனைகளை அடுக்கி, அவற்றின் மேல் உருளைகளை ஓடவிட்டார்கள். வெஸ்டிங்ஹவுஸ் செய்த கருவியில் நூறுக்கு நெருக்கமான படிகள். ஓட்டுநர் பெடலை எவ்வளவு அழுத்துகிறார் என்பதை வைத்து எத்தனை சுறுசுறுப்பாகக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்வார். படி ஏறுவதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். தலா 55 குதிரைசக்தியில் நான்கு மோட்டார்கள், எல்லா அச்சுக்கும் உந்துதல் உண்டு. பக்கத்தில் நிற்கும் காரைத் தாண்டிக் கிளம்பும் வேகம் இருந்தும், கையில் இருக்கும் காபி சிந்தாது. சக்கர விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ரப்பர் அடுக்கு இருப்பதால் தண்டவாள இணைப்புகளின் தடதடப்பும் உள்ளே மங்கித்தான் கேட்கும்.

[காட்சி: ஓட்டுநரின் பாதங்கள், மிக அருகில். மூன்று பெடல்கள்.]

இந்த மூன்று பெடல்களைக் கவனியுங்கள். வலது ஓரத்தில் பவர். நடுவில் பிரேக். இடது ஓரத்தில் இருப்பது டெட்மேன் பெடல். வண்டி ஓடும்போது இடது கால் இதன் மேலேயே இருக்க வேண்டும். ஓட்டுநர் மயங்கிக் கால் எடுபட்டால் பவர் அறுந்து, எல்லா பிரேக்கும் ஒன்றாகப் பிடித்து, சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கத் தண்டவாளத்தில் மணலும் கொட்டும்.

இப்போது ஒரு சாதாரண நிறுத்தம். ஓட்டுநர் பவரை விட்டு நடு பெடலை மிதிக்கிறார். மோட்டார்கள் அந்த நொடியே ஜெனரேட்டர்களாகிவிடும். ஓடும் வண்டியின் வேகமே அவற்றைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும். அது ரெசிஸ்டன்ஸில் சூடாகக் கரையும். பிரேக் கட்டை எதுவும் உரசாமலே வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். குளிர்காலத்தில் அந்த ரெசிஸ்டன்ஸ் சூட்டின் மேல் காற்றை ஊதித்தான் பயணிகளுக்குக் கதகதப்பு கொடுத்தார்கள். பிசிசியின் வடிவமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வண்டியை நிறுத்தும் சூடு, உட்கார்ந்திருப்பவரின் காலுக்குக் கணப்பாகிறது.

ஆனால் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது இந்த மின் பிரேக்குக்குப் பலம் இல்லை. நடை வேகத்துக்கு வந்ததும் அது கைவிட்டுவிடும். அங்கே, சுழலும் உருளையை அழுத்திப் பிடித்து நிறுத்தும் டிரம் பிரேக் பொறுப்பெடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பிசிசிகளில் டிரம் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது மின்சாரம். மின்சாரம் போனாலும் பிரேக் பிடிக்கும் என்று பொருள். வண்டி நிற்பதற்குச் சற்று முன் தரைக்கு அடியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடம் அது. டிரம் லைனிங் சரியாக அமைக்கப்படாத வண்டியில் இந்த இடத்தில் ஒரு வெட்டு விழும், நிற்பவர்கள் முன்னே சாய்வார்கள்.

இதற்கும் மேலே இன்னொரு பிரேக் உண்டு. சக்கரங்களுக்கு நடுவே, தண்டவாளத்துக்குச் சற்று மேலே தொங்கும் நீளமான மின்காந்தக் கட்டைகள். அவசரத்தில் அவை கீழே இறங்கித் தண்டவாளத்தையே கவ்வும். பேட்டரியில் இயங்குவதால் மேலே கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

[காட்சி: ரீங்காரம் மீண்டும். வண்டியின் அடிப்பகுதி.]

ஆரம்பத்தில் கேட்ட ரீங்காரம் மோட்டார்-ஜெனரேட்டர் செட். 600 வோல்ட்டில் ஒரு மோட்டார் சுழலும். அதோடு சேர்ந்து ஜெனரேட்டரும் சுழன்று, கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் பேட்டரிக்கும் தேவையான 32 வோல்ட்டைக் கொடுக்கும். காற்றோட்ட விசிறியும் அதோடு இணைந்தது. வண்டி நின்றாலும் இது நிற்காது.

போருக்கு முந்தைய பிசிசிகளில் கதவுக்கும் பிரேக்குக்கும் காற்றழுத்தமும் இருந்தது, அதனால் கம்ப்ரஸர் சத்தம் உண்டு. 1945க்குப் பின் எல்லாம் மின்சாரம். அந்தத் தலைமுறையை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: பெரிய ஜன்னல்களுக்கு மேல் ஒரு வரிசை குட்டி ஜன்னல்கள் இருக்கும். நின்றுகொண்டு வருபவர் குனியாமல் எந்தத் தெரு என்று பார்ப்பதற்காக வைத்தவை.

[காட்சி: வண்டிக்குப் பின்னால், கம்பியிலிருந்து நழுவி ஆடும் டிராலி போல்.]

ரீங்காரம் திடீரென்று நின்றுவிட்டதா? மேலே உள்ள டிராலி போல் என்ற கம்பம், மின்கம்பியிலிருந்து நழுவியிருக்கலாம்.

கூரையிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நீண்ட கம்பம்தான் டிராலி போல். அடியில் ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நுனியில் பள்ளமுள்ள ஒரு ஷூ, அதற்குள் கார்பன் துண்டு. கம்பியில் உரசுவது இந்தக் கார்பன். தேய்ந்த கார்பனை மாற்றாமல் விட்டால் பள்ளத்தின் விளிம்பு தாழ்ந்து, கம்பிகள் பிரியும் சந்திப்பிலோ வளைவிலோ ஷூ வெளியே குதித்துவிடும். சந்திப்பை வேகமாகக் கடந்தாலும் இதே கதைதான். விடுபட்ட போல் துள்ளி எழுந்து மேலே குறுக்காகக் கட்டியுள்ள கம்பிகளை அறுத்துவிடக் கூடாது என்றுதான் பின்புறம் ஸ்பிரிங் சுருளோடு ஒரு பெட்டி இருக்கிறது. போலில் கட்டிய கயிறு சட்டென்று இழுபட்டால் பெட்டி கயிற்றைப் பூட்டிவிடும்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பிரேக்கை உறுதி செய்துவிட்டு, போக்குவரத்தைப் பார்த்து இறங்கிப் பின்னால் வருவார். கயிற்றைப் பிடித்து போலைக் கம்பிக்குக் கீழே இழுத்து, நேராக அண்ணாந்து பார்த்தபடி ஷூவின் பள்ளத்துக்குள் கம்பி உட்காரும்படி மெல்ல மேலே விடுவார். பட்டென்று விட்டால் ஷூ கம்பியில் மோதி மறுபடியும் நழுவும். சரியாக உட்கார்ந்ததும் ஒரு சிறு பொறி, பிறகு மறுபடியும் ரீங்காரம்.

எல்லா மௌனமும் கோளாறு அல்ல. மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்ஸின் கம்பிகளைக் கடக்கும் இடங்களில் மின்சாரம் இல்லாத சிறு துண்டு இருக்கும். ஓட்டுநர் காலை எடுத்துவிட்டு, ஓடி வந்த வேகத்திலேயே அதைக் கடப்பார். பவரோடு போனால் அங்கே பெரிய பொறி கிளம்பிக் கம்பியைத் தின்னும்.

[காட்சி: ஆரஞ்சு நிற மிலான் டிராமின் உட்புறம். மரப் பெஞ்சுகள், இத்தாலிய எழுத்துகள்.]

அடுத்தது, இத்தாலியின் மிலானிலிருந்து வந்தவை. 1928 மாடல். இதன் மூல வடிவம் கிளீவ்லாண்டைச் சேர்ந்த பீட்டர் விட் என்பவருடையது. முன்கதவில் கூட்டம் மொத்தமாக ஏறிவிடும். நடுக்கதவருகே கண்டக்டர் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டிப் பின்பக்கம் போகும்போதோ இறங்கும்போதோ காசு கொடுத்தால் போதும். காசு வாங்கி முடியும்வரை வண்டி நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டாம்.

இதில் பிசிசியின் மென்மை இல்லை. நாட்ச் தள்ளு முதுகில் தெரியும், ஏர் பிரேக் சீறும், கம்ப்ரஸர் விட்டுவிட்டுத் தடதடக்கும். சுவரோரம் நீளமான பளபளத்த மரப் பெஞ்சு. பிரேக் போட்டால் அதில் வழுக்கிப் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வது நடக்கும், அதனால் ஓரக் கம்பியருகே உட்காருங்கள். இந்தக் காலத்து வண்டிகளில் விளக்குகளை ஐந்தைந்தாகக் கோத்து 600 வோல்ட்டில் எரிப்பது வழக்கம். திருவிழா சீரியல் செட் மாதிரி, ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையும்.

ஃபெர்ரி கட்டடத்துக்கு அருகே டான் சீ வே என்ற குட்டித் தெருவில் இறுக்கமான வளைவு இருக்கிறது. அங்கே சக்கரம் கிறீச்சிடும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருக்க, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. ஏதாவது ஒன்று தண்டவாளத்தில் வழுக்கியே ஆக வேண்டும். நேர்ப்பாதையிலும் "தட், தட்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அது வேறு. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியதில் விளிம்பில் ஓர் இடம் தட்டையாகியிருக்கும். சக்கரத்தை லேத்தில் கடைந்தால்தான் போகும். மூடுபனி ஊரில் மணல்பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

[காட்சி: வரிசையாகப் பல நிற டிராம்களின் எண்கள்.]

ஏறும் முன் எண்ணைப் பாருங்கள். நிறம் ஏமாற்றும். பிசிசி ஓடிய பல நகரங்களின் நிறங்களை இந்த வண்டிகளுக்குப் பூசியிருக்கிறார்கள். 1050 முதல் 1063 வரையிலான எண்கள் 1948ல் பிலடெல்ஃபியாவுக்காகச் செய்தவை. பாஸ்டன் ஆரஞ்சு பூசிய 1059ம் பிலடெல்ஃபியா வண்டிதான். பிலடெல்ஃபியா தண்டவாளத்தின் அகலம் 5 அடி 2¼ அங்குலம், சான் பிரான்சிஸ்கோவில் 4 அடி 8½ அங்குலம். அகலம் மாற்றாமல் அவற்றை இங்கே இறக்கியிருக்க முடியாது. 1070 முதல் 1080 வரை உள்ளவை மினியாபொலிஸ் பகுதிக்காகச் செய்து, 1953ல் நியூவார்க்குக்குக் கைமாறி, 2001 வரை அங்கே ஓடியவை. 1040 என்ற எண் கண்ணில் பட்டால் விடாதீர்கள்: வட அமெரிக்காவில் கட்டிய கடைசி பிசிசி அது, 1952.

பிசிசியில் முன்பக்க இருக்கை கிடைத்தால் ஓட்டுநரின் பெடல் வேலை தெரியும்; கடைசி இருக்கையில் மோட்டார் சத்தம் தெளிவாகக் கேட்கும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லா நிறுத்தத்திலும் ஏற முடியாது, சாய்தளமோ லிஃப்டோ உள்ள நிறுத்தங்களை மியூனி வரைபடத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டூவர்ட் தெருவில் நிறுத்தத்தை ஒட்டியே சிறிய ரயில்வே மியூசியம் இருக்கிறது. கூரையே இல்லாத படகு டிராமும் இந்த ஊரில் உண்டு. 1934ல் இங்கிலாந்தின் பிளாக்பூலுக்காகச் செய்தது, எண் 228. மழை நாளில் அதை வெளியே எடுக்க மாட்டார்கள்.