பாடத்தைத் தொடங்கும் முன் நோக்கத்தை எழுதுவோம்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு இவ்விரண்டையும் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை சூழ்நிலையியல் என்ற ஒரே பாடமாக வைக்கச் சொன்னது. நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இதனால் எட்டு வயதுக் குழந்தையோடு ஊர், ஆட்சி, தொழில், கடந்த காலம் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தனிப் பாடவேளை கிடைக்கிறது. அதே பாடவேளை பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்கும் நேரமாகச் சுருங்கிப் போகவும் வழி இருக்கிறது. இரண்டில் எது நடக்கும் என்பதை, ஆசிரியர் பாடக்குறிப்பேட்டைத் திறந்து நோக்கம் என்ற தலைப்பின் கீழ் எழுதும் ஓரிரு வரிகளே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. இன்று அந்த ஓரிரு வரிகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

நம் பாடக்குறிப்புகளில் நோக்கங்கள் எப்படி எழுதப்படுகின்றன? “மாணவர்கள் ஐவகை நிலங்களின் பெயர்களை அறிவர்”, “நீர்நிலைகளின் வகைகளைப் பட்டியலிடுவர்”, “ஊராட்சித் தலைவரின் பணிகளைக் கூறுவர்” என்ற போக்கில்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். இவற்றில் பிழை ஏதுமில்லை. ஆனால் பட்டியலிட்ட பிறகு அந்தக் குழந்தை அந்தப் பட்டியலைக் கொண்டு எதைப் புரிந்துகொள்ளும் என்ற கேள்விக்கு இந்த வரிகளில் பதில் இல்லை. இன்னொரு பக்கம், “நாட்டுப்பற்று வளரும்”, “நல்ல குடிமக்களாக உருவாவர்” என்று எழுதுகிறோம். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் நாட்டுப்பற்று வளர்ந்ததா என்று யாரால் பார்க்க முடியும்? முதல் வகை நோக்கம் மிகக் குறுகியது. இரண்டாம் வகை, கைக்கு எட்டாத அளவுக்குப் பரந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, குழந்தை தன் வாழ்க்கையில் மறுபடி மறுபடி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கருத்து இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதுவதே திட்டமிடலின் முதல் வேலை.

ஐவகை நிலங்களையே எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று கரும்பலகையில் கட்டம் போட்டு, தெய்வம், தொழில், உணவு என்று நிரப்பி, குழந்தைகளை எழுதிக்கொள்ளச் சொல்வது நாம் எல்லோரும் அறிந்த முறை. இந்தப் பாடத்துக்கு நான் எழுதும் நோக்கம் வேறு: நிலமும் நீரும் மனிதர்களின் பிழைப்பை வடிவமைக்கின்றன, நிலம் மாறும்போது பிழைப்பும் மாறுகிறது. இந்த நோக்கத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் ஐந்து நிலங்களுக்கும் சம நேரம் தேவையில்லை என்பது உடனே தெரியும். பாலையில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். “முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து” பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை தொடக்கத்திலிருந்தே அங்கு இருந்த நிலமன்று, மழை பொய்த்து நிலம் தன் இயல்பை இழந்தபோது உண்டானது என்ற செய்தியை நான்காம் வகுப்புக் குழந்தையிடம் சொன்னால், அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்: “அப்ப நம்ம ஊரும் பாலையா மாறுமா சார்?” அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பதற்காகத் தெய்வங்களின் பெயர்களையும் பறையின் பெயர்களையும் விட்டுவிட வேண்டியிருந்தால், தயங்காமல் விடலாம். தமிழ்ப் பாடத்தில் அவை பின்னர் முறையாக வரத்தான் போகின்றன.

உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட விடுவதுதான் கடினம். பாடநூலில் உள்ள ஒவ்வொரு வரியையும் நடத்தாவிட்டால் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போல நாம் அஞ்சுகிறோம். பள்ளிப் பைச் சுமையைப் பற்றி ஆராய்ந்த யஷ்பால் குழு 1993ஆம் ஆண்டிலேயே, பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதுதான் பெரிய சுமை என்று சுட்டிக்காட்டிவிட்டது. நோக்கம் தெளிவாக இருந்தால், எந்தச் செய்தி அதைத் தாங்குகிறது, எது வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தானே புலப்படும்.

நீர்நிலைகள் பாடத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் ஒரு பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே ஒரு கண்மாய் இருக்கும். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. இவ்வளவு பெரிய பாடநூல் கதவைத் திறந்தால் கிடக்கும்போது, நீர்நிலைகளின் வகைகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு நான் பரிந்துரைக்கும் நோக்கம் இது: பலருக்கும் பொதுவான ஒன்றைப் பலரும் பயன்படுத்தும்போது விதிகள் தேவைப்படுகின்றன, அந்த விதிகளை யார் வகுக்கிறார்கள், யார் காக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் கிடைப்பது மாறுகிறது.

இதற்குக் குழந்தைகளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போக வேண்டும். ஆனால் கரையில் நிறுத்தி “இதுதான் கண்மாய், இதுதான் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை” என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், வகுப்பறையில் செய்ததையே வெயிலில் செய்ததாகும். ஒரு பள்ளியில் நான் பார்த்த வகுப்பில் ஆசிரியை குழந்தைகளை நேரே கலுங்குக்கு, அதாவது கண்மாய் நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடத்துக்கு, அழைத்துப் போனார். கலுங்கின் மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களைக் காட்டி, “இந்தக் கல்லெல்லாம் எதுக்குன்னு நெனைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டார். அலங்காரத்துக்கு என்றான் ஒருவன். ஆடு மாடு போகாமல் இருக்க என்றாள் இன்னொருத்தி. ஆசிரியை திருத்தவில்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்கச் சொன்னார். தண்ணீரை இன்னும் கொஞ்சம் தேக்க வேண்டுமென்றால் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைப்பார்கள் என்று அவர் சொன்னார். அடைத்தால் என்ன ஆகும் என்று குழந்தைகள் கேட்டார்கள். நம் மடைக்குக் கூடுதலாகத் தண்ணீர் கிடைக்கும், உள்வாயை (கண்மாயில் நீர் தேங்கும் உட்பகுதியை) ஒட்டிய வயல்கள் மூழ்கும், கீழே இருக்கும் ஊரின் கண்மாய்க்குத் தண்ணீர் தாமதமாகப் போகும் என்றார். ஒரு கல் வரிசையை முன்வைத்து மூன்று தரப்பு மனிதர்களின் நலன்கள் அந்தக் குழந்தைகளின் முன் நின்றன. அன்று வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு, எவ்வளவு உயரம் வரை அடைக்கலாம் என்று மூன்று குழுக்களாகப் பிரிந்து வாதிட்டார்கள். கலுங்கு, மடை, வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), உள்வாய் ஆகிய சொற்கள் யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லாமலேயே அவர்கள் வாயில் புழங்கின.

அதற்குப் பிறகுதான் பாடநூலில் உள்ள ஆட்சி அமைப்புச் செய்திகள் பொருள் பெறுகின்றன. நாற்பது எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கண்மாயைப் பார்க்காத குழந்தைக்கு இவை வெறும் எண்கள். கலுங்கை அடைப்பது பற்றி வாதிட்டு முடிவுக்கு வர முடியாமல் நின்ற குழந்தைக்கு, இப்படிப்பட்ட விவகாரத்தைப் பேசித் தீர்க்க ஊரில் ஓர் இடம் இருக்கிறது என்பது உண்மையிலேயே ஒரு கண்டுபிடிப்பு. தலைவரின் பெயரைக் கேட்டு எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தைவிட, கடந்த கிராம சபையில் தண்ணீரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்டுவரச் சொல்வது இப்போது எளிதாகிறது.

கண்மாய் இல்லாத ஊர்ப் பள்ளி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நோக்கம் அப்படியே நிற்கும், உள்ளடக்கம் மாறும். சென்னைக் குழந்தைக்குத் தெருவில் வந்து நிற்கும் தண்ணீர் லாரியும் குடங்களின் வரிசையும் போதும். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை அந்தக் குழந்தைகளின் வீட்டார் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். வரிசையில் யார் முதலில், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், விதியை மீறினால் யாரிடம் சொல்வது என்பவை கலுங்கு எழுப்பிய அதே கேள்விகள்தாம்.

இதே நோக்கத்தை வரலாற்றுக்கும் கொண்டுபோகலாம். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (பணிக் குழுக்களுக்கு) உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்கின்றன. அவற்றில் ஏரி வாரியமும் ஒன்று. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு சபை நடுவே எடுக்கச் செய்தார்கள். சிறுவன் ஓலை எடுத்த காட்சி குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பில் காகிதத் துண்டுகளை வைத்து நடித்தும் பார்ப்பார்கள். பல பள்ளிகளில் பாடம் அங்கேயே கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. செயல்பாடு முடிந்தது, ஆனால் நோக்கம் நிறைவேறவில்லை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு தகுதிகளையும் சொல்கிறது: வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இறை (வரி) கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதத்தில் பயிற்சி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்றும் சொல்கிறது. இவற்றை வகுப்பில் வாசித்துவிட்டு, யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே முடியாது என்று குழந்தைகள் தேடட்டும். பெண்கள், நிலமில்லாதவர்கள், வேதம் பயில இடமில்லாதவர்கள் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடிப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதியின் சிறப்பையும், ஊரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திய விதியின் குறையையும் ஒருசேரப் பார்க்கும் அறிவுதான் நமக்கு வேண்டும். நம் பெருமைக்கு அதனால் எந்தக் குறைவும் வராது. இன்று 18 வயதான எவரும் வாக்களிக்கலாம், 21 வயதானவர் போட்டியிடலாம், தமிழக உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதை அந்தத் தேடலுக்குப் பிறகு சொன்னால், அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் குழந்தையே அளந்து பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் குழந்தைகளின் சொந்தக் குடும்பத்தை ஒருபோதும் இழுக்கக் கூடாது. “யார் வீட்டில் நிலம் இருக்கிறதோ அவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று ஆசிரியர் சொன்ன அந்த நொடியில், உட்கார்ந்தே இருக்கும் குழந்தைகள் மற்றெல்லாப் பாடங்களையும் மறந்து அதை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். கற்பனை மனிதர்களின் விவரங்களை அட்டைகளில் எழுதி, அட்டையைத்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். அப்பாவின் தொழிலைச் சொல், உன் வீட்டை வரைந்து வா என்று கேட்கும் செயல்பாடுகளையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். கண்மாயில் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் இன்ன சாதிக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பாடம் உண்மையாக நடந்தால் ஒரு குழந்தை அதைக் கேட்கும். அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது என்பதும் பாடக்குறிப்பில் இருக்க வேண்டிய ஒன்று. மழுப்பிவிட்டுப் போனால், இது பள்ளியில் பேசக் கூடாத விஷயம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கும் பள்ளிகளில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் தொடங்கிய பிறகு வாசிப்புக்கும் கணக்குக்கும் முதலிடம் கிடைத்திருப்பதும் சரியே. ஆனால் சரளமாக வாசிக்க வந்த பிறகுதான் சமூகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதில்லை. கலுங்கைப் பார்த்துவந்த குழந்தை நான்கு வரி எழுதினால் அது மொழிப் பாடம். குடங்களைக் கூட்டிப் பங்கிட்டால் அது கணக்கு. பல வகுப்புகள் சேர்ந்து அமரும் அறையில், மூன்றாம் வகுப்பு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைய, ஐந்தாம் வகுப்பு அதை யார் பங்கிடுகிறார் என்று விவாதிக்கலாம். ஒரே நோக்கம் இரண்டு வகுப்புக்கும் பொருந்துவது அந்த ஆசிரியருக்குப் பெரிய உதவி.

கடைசியாக வினாத்தாள். வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று மதிப்பெண்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். நோக்கத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், வினாத்தாளில் கோடிட்ட இடமும் பொருத்துகவும் மட்டுமே இருந்தால், பாடம் அடுத்த பருவத்திலேயே பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே நோக்கத்தை எழுதிய அன்றே, பாடம் நடத்தும் முன்பே, அதைச் சோதிக்கும் ஒரு வினாவையும் எழுதிவிடுங்கள். உத்திரமேரூர்ப் பாடத்துக்கு அப்படி ஒரு வினா: ஐந்து கற்பனை மனிதர்களின் வயது, நிலம், வீடு, படிப்பு ஆகியவற்றைக் கொடுத்து, அன்றைய குடத்தில் யார் பெயர் இருந்திருக்கும், இன்றைய ஊராட்சித் தேர்தலில் யார் நிற்கலாம், இந்த வேறுபாட்டில் உனக்கு முக்கியமாகத் தோன்றுவது எது என்று கேட்பது. வளரறி மதிப்பீட்டில் இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது, வரும் பருவத்தின் பாடங்களில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதன் நோக்கத்தை ஒரு வாக்கியத்திலும், விட்டுவிட முடிவு செய்த செய்திகளை இன்னொரு வாக்கியத்திலும், சோதிக்கும் வினாவை மூன்றாவதாகவும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த நோக்கம் குறுகிவிட்டது, எது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்வோம்.