சொல்லியும் சொல்லாமலும்: 'நெவர் லெட் மீ கோ' பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? நடுவில் விசில் சத்தம் கேட்டால் அது எங்கள் வீட்டுக் குக்கர், இன்னும் இரண்டு விசில் பாக்கி இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ'. 2005-ல் வந்த நாவல், அந்த வருடம் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது, 2010-ல் படமானது, 2017-ல் இஷிகுரோவுக்கு நோபலும் கிடைத்தது. நான் மூன்றாவது தடவையாகப் போன வாரம்தான் படித்து முடித்தேன். கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், முடிவு தெரிந்தால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கதை ஒரு வரிதான். இங்கிலாந்தில் ஹெய்ல்ஷாம் என்று ஓர் உறைவிடப் பள்ளி, அங்கே வளரும் பிள்ளைகள் எல்லாரும் குளோன்கள், அதாவது வேறொருவரின் அச்சு நகலாக உருவாக்கப்பட்ட மனிதர்கள், பெரியவர்களானதும் அவர்களுடைய உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள், மூன்றாவது நான்காவது தடவைக்குள் செத்துப்போவார்கள். அவ்வளவுதான். வருங்காலக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், முதல் பக்கத்திலேயே 'இங்கிலாந்து, 1990-களின் பிற்பகுதி' என்று போட்டிருக்கும். குளோனாக உருவாக்கிய டாலி ஆடு பிறந்ததே 1996-ல். ஆனால் இந்த நாவலில் அந்தக் காலத்திலேயே முப்பது வயது தாண்டிய குளோன்கள் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சோதனைச் சாலை, கண்ணாடிக் குடுவை எதுவும் கிடையாது. அந்த அறிவியலைப் பற்றி இஷிகுரோ அலட்டிக்கொள்ளவே இல்லை, நாமும் விட்டுவிடலாம்.

முதல் வரி எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள். மேற்கோள் எல்லாம் என் மொழிபெயர்ப்புதான், குறை இருந்தால் என் குறை. 'என் பெயர் கேத்தி எச். எனக்கு முப்பத்தொரு வயது, பதினோரு வருடத்துக்கும் மேலாக நான் கேரராக இருக்கிறேன்.' அப்பா பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை, ஓர் எழுத்து மட்டும். கேரர் என்றால் உறுப்பு கொடுத்துப் படுத்திருக்கிற மற்றக் குளோன்களைப் பார்த்துக்கொள்கிறவர். நமக்கு அது இன்னும் தெரியாது, ஏதோ நர்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். போய்விட்டோமா, சரி, அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

ஏனென்றால் இந்த நாவலில் யாரும் கொலை என்று சொல்வதில்லை. உறுப்பைப் பிடுங்குவதற்கு டொனேஷன் என்று பெயர். கொடுக்கிறவர் டோனர். செத்துப்போனால் கம்ப்ளீட் ஆகிவிட்டார் என்பார்கள். டொனேஷனைத் தமிழில் போட்டால் 'தானம்' என்று வரும், எனக்கு அங்கே எப்போதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். நமக்குத் தானம் என்றால் கர்ணன். கவச குண்டலத்தை உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தவன், ஆனால் வந்து கேட்கப்போகிறவன் இந்திரன்தான் என்று சூரியன் முன்கூட்டியே சொல்லிவிட்டான், எல்லாம் தெரிந்து, மாட்டேன் என்று சொல்ல வழி இருந்தும் கொடுத்தான். இந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

கம்ப்ளீட் என்பதும் அப்படித்தான். நம்மிடமும் செத்துப்போனார் என்று சொல்லாமலிருக்க எத்தனை சொல் இருக்கிறது, காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார். அதெல்லாம் இறந்தவருக்குக் கொடுக்கிற மரியாதை. 'கம்ப்ளீட்' ஃபைலை மூடி வைக்கிற சொல். வேலை முடிந்தது, அடுத்த ஃபைல்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். மிஸ் லூசி என்று ஒரு பாதுகாவலர், அங்கே டீச்சர் என்று சொல்வதில்லை, பாதுகாவலர்தான். மழைக்காக எல்லாரும் பெவிலியனில் ஒதுங்கி நிற்கிறார்கள், பதினைந்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் வருங்காலத்தில் நடிகர் ஆனால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தம்மாவால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் யாரும் அமெரிக்கா போகப்போவதில்லை, நடிகர் ஆகப்போவதில்லை, நடுத்தர வயது வருவதற்கு முன்பே உறுப்புகளைக் கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று போட்டு உடைத்துவிடுகிறார். அதற்குச் சற்று முன்னால் சொல்கிற வார்த்தை, 'பிரச்சினை என்னவென்றால், உங்களிடம் சொல்லியும் சொல்லாமலும் வைத்திருக்கிறார்கள்.'

சொல்லியும் சொல்லாமலும். இது ஏதோ நம் வீட்டில் பேசுகிற மாதிரியே இல்லையா? தாத்தாவுக்கு என்ன வியாதி என்று சின்ன வயதில் நமக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள்? யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் தெரிந்திருந்தது. கேத்தியோடு அங்கே வளர்ந்த டாமி, பின்னாளில் அவளுடைய காதலன், பிற்பாடு இதற்கு ஒரு விளக்கம் கொடுப்பான். எந்த வயதில் சொன்னால் முழுதாகப் புரியாதோ சரியாக அந்த வயதில் ஒவ்வொன்றையும் காதில் போட்டுவிடுவார்கள், அதனால் புரிகிற வயது வரும்போது அது ஏற்கெனவே தெரிந்த பழைய சங்கதியாக இருக்கும், அதிர்ச்சியே வராது என்பான். ஏன் இவர்கள் தப்பித்து ஓடவில்லை என்று இந்த நாவலைப் படித்த எல்லாரும் கேட்கிற கேள்விக்கு என் பதில் இதுதான். வேலி தேவைப்படவில்லை. அமெரிக்கா என்கிற பேச்சு ஆரம்பித்த நிமிடமே அவர்களுக்குள் ஏதோ சங்கடப்படுகிறது, பாருங்கள், அதுதான் வேலி.

கேத்தி நம்மிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதையும் கவனியுங்கள். 'நீங்கள் இருந்த இடத்தில் எப்படியோ தெரியாது, ஹெய்ல்ஷாமில் எங்களுக்கு அநேகமாக வாரா வாரம் மருத்துவப் பரிசோதனை இருக்கும்' என்கிறாள். நீங்கள் இருந்த இடம் என்றால்? அவள் பேசுவது இன்னொரு குளோனிடம். முதல் தடவை படித்தபோது இதை நான் தாண்டிப் போய்விட்டேன், இரண்டாவது தடவை புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

சரி, தலைப்புக்கு வருவோம், ஏனென்றால் எல்லாமே அந்த ஒரு பாட்டில்தான் கட்டிப்போட்டிருக்கிறது. கேத்தியிடம் ஒரு பழைய கேசட், அதில் 'என்னை விட்டுவிடாதே' என்று ஒரு காதல் பாட்டு. பாடகி 'பேபி, பேபி' என்று காதலனைத்தான் கூப்பிடுகிறாள். சின்னப் பெண் கேத்திக்கு அது நிஜக் குழந்தையாகிவிடுகிறது. குழந்தை பிறக்காது என்று சொல்லப்பட்ட ஒருத்திக்கு அதிசயமாக ஒன்று பிறந்து, அதை யாரும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து பாடுகிறாள் என்று வைத்துக்கொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்துத் தனியாக ஆடுகிறாள். குளோன்களுக்குக் குழந்தை பிறக்காது. கண்ணைத் திறந்தால் வாசலில் மேடம் நின்று அழுதுகொண்டிருக்கிறார், பிள்ளைகள் வரைந்த படங்களை எடுத்துப்போக அவ்வப்போது பள்ளிக்கு வருகிற அம்மா அவர்.

வருடக்கணக்காகக் கேத்தி நினைத்துக்கொள்வது, குழந்தை பிறக்காத எனக்காகத்தான் அழுதார் என்று. கடைசியில் மேடத்திடமே கேட்டால், அவர் வேறு கதை சொல்கிறார். வேகமாக வருகிற ஒரு புது உலகத்தைப் பார்த்தேன், அறிவியல் உண்டு, பழைய வியாதிகளுக்கு மருந்து உண்டு, 'ஆனால் கடுமையான, ஈவிரக்கமில்லாத உலகம்', ஒரு சின்னப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு பழைய அன்பான உலகத்தை மார்போடு அணைத்து, விட்டுவிடாதே என்று கெஞ்சுவதைப் பார்த்தேன் என்கிறார். அழகான பேச்சு. பெரும்பாலான பாடக்குறிப்புகளில் நாவலின் மையம் என்று இதைத்தான் அடிக்கோடு போட்டு வைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அந்தம்மாவின் மேல் கோபம்தான் வருகிறது. எதிரில் தலையணையோடு நின்றது ஒரு குழந்தை, அதைப் பார்த்து உலகத்துக்காக அழுதிருக்கிறார்! இதே மேடம்தான் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் சிலந்தியைப் பார்த்த மாதிரி விறைத்துப்போய் நின்றவர்.

ஹெய்ல்ஷாமின் தலைமைப் பாதுகாவலர் மிஸ் எமிலி இன்னும் ஒரு படி மேல். பிள்ளைகள் வரைந்த படங்களை ஏன் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றால், 'உங்களுக்கு ஆன்மா இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக' என்று பெருமையாகச் சொல்கிறார். நல்லவர்தான், உண்மையிலேயே பாடுபட்டவர்தான். புற்றுநோய்க்கு வழி கிடைத்துவிட்ட உலகத்திடம் போய் அதைக் கைவிடச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்பதற்குச் சட்டென்று பதில் சொல்லவும் நம்மால் முடியாது. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க அவர் கவனம் எங்கே தெரியுமா? விற்பதற்கு வைத்திருக்கிற கட்டில் பக்கத்து அலமாரியை ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள், அதில் கீறல் விழுந்துவிடக்கூடாதே என்று. எதிரில் டாமி உட்கார்ந்திருக்கிறான், மூன்று டொனேஷன் முடித்தவன், காதலர்களுக்கு இரண்டு மூன்று வருடம் தவணை கிடைக்குமாம் என்ற வதந்தியை நம்பி வந்தவன். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போகிறான்.

(குக்கர் அணைத்துவிட்டார்கள், அப்பாடா.)

ஒரே ஒரு சொல்லைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். கேத்தியின் ஹெய்ல்ஷாம் தோழி ரூத், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒன்று சொல்வாள், 'நாம் செய்ய வேண்டியது அதுதானே?' என்று. டோனர் ஆனது சரியாகத்தான் பட்டது என்கிறாள். அப்புறம் கடைசிப் பக்கம். டாமியும் போய்விட்டான், கேத்தி நார்ஃபோக்கில் ஒரு வயலோரமாக நிற்கிறாள், முள்கம்பியிலும் மரத்திலும் காற்றில் வந்த பிளாஸ்டிக் குப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது. தொலைத்ததெல்லாம் இங்கேதான் வந்து ஒதுங்குமென்று சின்ன வயதில் சொல்லிச் சிரித்துக்கொண்ட ஊர் அது. டாமி தூரத்தில் சின்னப் புள்ளியாகத் தெரிந்து, பக்கத்தில் வந்து கை அசைப்பான் என்று கற்பனை செய்துகொள்கிறாள், அதற்குமேல் தன்னை விடவில்லை. கண்ணீர் வழிகிறது, ஆனால் தேம்பி அழவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுக் காருக்குத் திரும்புகிறாள், 'நான் இருக்க வேண்டிய இடம் எதுவோ, அங்கே போவதற்கு.'

ரூத் சொன்ன அதே சொல். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'சப்போஸ்டு' என்று வரும், மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு இடத்திலும் 'வேண்டிய' என்றுதான் வந்தது. வேறு எதையாவது போடலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். 'வேண்டிய' என்றால் கட்டாயமும் ஆகும், ஆசைப்பட்டதும் ஆகும். கேத்திக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் தெரியுமா என்று எனக்குப் புரியாததால் அதையே விட்டுவிட்டேன்.