சாமி கும்பிடாதவர் கோயிலுக்குப் போனால்

[காட்சி: கோபுர வாசல். ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.]

வணக்கம். நண்பரின் கல்யாணம் கோயிலில் நடக்கிறது. அல்லது தஞ்சாவூர் பக்கம் போகிறீர்கள், பெரிய கோயிலைப் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை. ஆனால் நீங்கள் வேறு மதம், இல்லையென்றால் சாமி நம்பிக்கை இல்லாதவர். உள்ளே போகலாமா? எங்கே நிற்பது? தட்டை நீட்டினால் என்ன செய்வது? தமிழ்நாட்டுக் கோயில்களை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். கருவறையில் இருப்பதை வெறும் சிலையாக பக்தர்கள் பார்ப்பதில்லை. அங்கே சாமி குடியிருக்கிறார். விடியற்காலையில் பள்ளியெழுச்சி, அப்புறம் அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம். இரவு அர்த்தஜாம பூஜை முடிந்ததும் பள்ளியறை. எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுத்து, தூங்கவைக்கிறார்கள். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பதும் இதனால்தான். சன்னிதியில் திரை போட்டிருந்தால் உள்ளே அலங்காரமோ நைவேத்தியமோ நடக்கிறது. எட்டிப் பார்க்காமல் காத்திருங்கள்.

[காட்சி: கொடிமரம், பலிபீடம், நந்தி.]

யார் எதுவரை போகலாம் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் எல்லோரும் நடக்கலாம். மதுரை மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளம் வரை பார்க்கலாம், சன்னிதிக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. எல்லைக்கோடு பல இடங்களில் கொடிமரம்தான். பக்கத்து மாநிலத்தில் திருமலைக்குப் போகும் பிற மதத்தவர் நம்பிக்கை உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். பலகை என்ன சொல்கிறதோ அதன்படி நில்லுங்கள். வாசலில் நிற்கும் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை, அந்த விதியை அவர் போடவில்லை.

வாசலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் தலித் மக்களையும் நாடார் சமூகத்தவரையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அதுவரை, அந்த அம்மனையே நம்பி வாழ்ந்தவர்களில் பலர் வெளியிலேதான் நின்றார்கள்.

சரி, உள்ளே போவோம். வேட்டி, புடவை கட்டாயமில்லாத கோயில்களில் தோளும் முழங்காலும் மறைந்தால் போதும். செல்போனை வெளியிலேயே கொடுத்துவிடுங்கள். தமிழகக் கோயில்களில் அதைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். பிராகாரத்தை வலமாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் போனால் யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் வருகிறவர்கள் எல்லோர் மேலும் இடிப்பீர்கள்.

சிவன் கோயிலில் நந்திக்கும் சாமிக்கும் நடுவில் போகாதீர்கள். நந்தியின் பார்வை எப்போதும் சாமி மேலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது என்பார்கள். கருவறைக்கு வடக்கே, அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகத்துக்குப் பக்கத்தில், சண்டிகேஸ்வரர் சின்னதாக ஒரு சன்னிதியில் இருப்பார். அங்கே சிலர் கை தட்டுவதைப் பார்த்து நீங்களும் பலமாகத் தட்டிவிட வேண்டாம். அவர் தியானத்தில் இருப்பவர். சிவன் சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு உள்ளங்கையையும் மெல்லத் துடைத்துக் காட்டுவதுதான் அங்கே வழக்கம்.

[காட்சி: தீபாராதனைத் தட்டு, நீளும் கைகள்.]

பலரும் தயங்குவது சன்னிதியில்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு வந்தால் சுடரின் மேல் கையைக் காட்டி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் கையைக் கூப்பினால் போதும், குருக்கள் அடுத்தவரிடம் போய்விடுவார். விபூதி வாங்கினால் வலது கையில் வாங்குங்கள், இடது கை அடியில் இருக்கட்டும். மிச்சத்தைத் தூணில் கொட்டாதீர்கள்; நம்மவர்களே செய்கிற தப்பு அது, பல நூற்றாண்டுச் சிற்பத்தின் மடியில் குங்குமமும் விபூதியும் அப்பிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள்.

பெருமாள் கோயிலில் தீர்த்தம், துளசி, அப்புறம் சடாரி. தீர்த்தம் வாங்கக் கையைக் குழிக்க வேண்டும். சடாரி என்பது கிரீடம் மாதிரி இருக்கும், அதைத் தலையில் வைக்கும்போது கொஞ்சம் குனியுங்கள். அதில் இருப்பது பெருமாளின் திருவடி.

அர்ச்சனை செய்ய ஆசை, ஆனால் நட்சத்திரமும் கோத்திரமும் தெரியாது என்றால் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லுங்கள். நட்சத்திரம் தெரிந்தவர்களே பலர் அப்படித்தான் செய்வார்கள்.

அன்னதானம் நடந்தால் கூச்சப்படாமல் உட்காருங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள். காசு போட நினைத்தால் உண்டியலில் போடுங்கள். படம் எடுக்க ஆசையென்றால், வெளியே வந்து போனை வாங்கிக்கொண்ட பிறகு கோபுரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். காலை வெயில் வேண்டுமென்றால் கிழக்கு கோபுரம்.