சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை: எம்பஸி ஊருக்கு அனுப்பி வைக்குமா?

அடுத்த கேள்வி ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் ரியாத்ல டிரைவரா இருக்காராம். நாலு மாசமா சம்பளம் வரல, பாஸ்போர்ட்டை கஃபீல், அதாவது அவரை வேலைக்கு எடுத்த முதலாளி, வாங்கி வச்சிருக்காராம். "ரூமை காலி பண்ணிட்டு நேரா எம்பஸிக்குப் போயிட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"ன்னு கேக்குறாங்க.

சகோதரி, எம்பஸிக்குக் கண்டிப்பா போகட்டும். ஆனா வேலையை விட்டுட்டுப் போக வேண்டாம், முதல்ல புகார் பதிவாகட்டும். ஏன்னா ஆள் வேலைக்கு வரலன்னு கஃபீல் எழுதிக் கொடுத்துட்டா, அங்க இருக்கவங்க 'ஹுரூப்'னு சொல்வாங்களே, அது விழுந்துடும். சம்பளம் கேக்க வேண்டிய மனுஷன் ஓடிப்போன ஆளா ஆயிடுவாரு. அடி உதை, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எதையும் யோசிக்காம அன்னைக்கே கிளம்பிடணும்.

நிறைய பேர் எம்பஸியில அவுட் பாஸ் வாங்கிட்டா ஃப்ளைட் ஏறிடலாம்னு நினைக்கிறாங்க. அது எமர்ஜென்சி சர்டிபிகேட், பாஸ்போர்ட் இல்லாதவங்க இந்தியாவுக்குள்ள வர்றதுக்கான ஒருவழிக் காகிதம். சவூதியை விட்டு வெளியேற எக்ஸிட் விசா அடிக்கணும், அதை அடிக்கிறது சவூதி அரசாங்கம். நம்ம எம்பஸி அதுக்காகப் பேசும், எழுதும். ஆனா உத்தரவு போட முடியாது.

சம்பளமும் அப்படித்தான். கஃபீலைக் கூப்பிட்டுப் பேசுவாங்க, லேபர் கோர்ட்ல கேஸ் போட வழிகாட்டுவாங்க. பணத்தை வாங்கிக் கொடுக்குற அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்குத்தான். அதனால வேலை ஒப்பந்தம், இக்காமா (அங்க தங்குறதுக்கான அனுமதி அட்டை), சம்பளம் ஏறுன பேங்க் கணக்கு விவரம், பாஸ்போர்ட் ஜெராக்ஸ், எல்லாத்தையும் அவரை இன்னைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. அவர் போன் போச்சுன்னாலும் உங்ககிட்ட இருக்கும்.

பாஸ்போர்ட் விஷயத்துல அவர் பயப்படவே வேண்டாம். அது இந்திய அரசாங்கத்தோட சொத்து, 1967 பாஸ்போர்ட் சட்டமே அப்படித்தான் சொல்லுது. தொழிலாளியோட பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கிறது சவூதி சட்டப்படியும் தப்பு. இதையும் புகார்ல தனியா எழுதணும்.

அவரால லீவு எடுத்து எம்பஸிக்குப் போக முடியலன்னா, நீங்க ஊர்ல இருந்தே செய்யலாம். வெளியுறவு அமைச்சகம் 2015-ல ஆரம்பிச்ச 'மதத்' இணையதளம் இருக்கு. குடும்பத்துல யார் வேணும்னாலும் அதுல புகார் போடலாம். நம்பர் ஒண்ணு வரும், அதை வச்சு புகார் எந்த நிலைமையில இருக்குன்னு பாத்துக்கலாம். எம்பஸிக்குப் போன் போட்டா எடுக்கலன்னு புலம்புறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: எழுத்துல போடுங்க. எழுத்துல இருந்தா யாராவது பதில் சொல்லியே ஆகணும்.

டிக்கெட்டுக்குக் காசில்லன்னு தயங்க வேண்டாம். எம்பஸிகள்ல இந்தியச் சமுதாய நல நிதின்னு ஒண்ணு 2009-ல இருந்து இருக்கு. பாஸ்போர்ட், அட்டெஸ்டேஷனுக்கெல்லாம் நம்ம ஆளுங்க கட்டுற பணத்துல சேர்றது அது. கஷ்டத்துல மாட்டினவங்களுக்குத் தங்க இடம், டிக்கெட், வக்கீல் உதவி அதுல இருந்து செய்யலாம். தகுதியைப் பாத்துத்தான் கொடுப்பாங்க, ஆனா நாமதான் வாய்விட்டுக் கேக்கணும். இது பிச்சை இல்ல சகோதரி, தைரியமா கேக்கச் சொல்லுங்க.

அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு கொடுங்க. அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அதே மனுவை அனுப்புங்க. ரெண்டுலயும் அந்த மதத் நம்பரை மறக்காம எழுதிடுங்க.