ஹெல்மெட்டுக்கு உள்ளே கேட்ட மூச்சு

அனைவருக்கும் வணக்கம். இசையைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் கூடியிருக்கும் அவையில், பிரான்ஸின் மின்னணு இசை இரட்டையரான டாஃப்ட் பங்க் பற்றிப் பேசக் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஹெல்மெட் போட்ட இரண்டு ரோபோக்கள் என்றுதான் பலருக்கும் அவர்களைத் தெரியும். நான் அந்த ஹெல்மெட் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1987-இல் பாரிஸில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் நண்பர்களாகிறார்கள். ஒருவர் தோமா பாங்கால்தே, இன்னொருவர் கி-மனுவேல் த ஓமெம் கிறிஸ்தோ. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு 'டார்லின்' என்று ஒரு கிட்டார் குழு ஆரம்பித்தார்கள். பிரிட்டனிலிருந்து வந்த 'மெலடி மேக்கர்' இதழ் அவர்கள் பாட்டை அசட்டு பங்க் கூச்சல் என்று எழுதிவிட்டது. குழு கலைந்தது. இந்த இருவரும் அந்த வசவையே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 'டாஃப்ட்' என்றால் அசடு என்றுதான் பொருள், 'பங்க்' என்பது முரட்டுத்தனமான ஒரு ராக் இசை வகை.

1997-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'ஹோம்வொர்க்' என்று பெயர். பொருத்தமான பெயர், ஏனென்றால் அது உருவானது தோமாவின் படுக்கையறையில். அங்கே இருந்த கருவிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரோலண்ட் டிபி-303. தனியாகக் கிட்டார் பழகுகிறவர்களுக்குத் துணையாக பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை, வாசிக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி. சந்தையில் எடுபடவில்லை, 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்கு வந்த அந்தப் பெட்டியை வாங்கி, அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி, அதுவரை யாரும் கேட்டிராத ஒலியை எடுத்தவர்கள் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள். அந்தக் கடனை டாஃப்ட் பங்க் இருவரும் மறக்கவில்லை. 'டீச்சர்ஸ்' என்ற பாட்டு முழுக்கத் தங்களுக்கு வழிகாட்டிய இசைக்காரர்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது முதலில் அந்தப் பாட்டால்தான்.

இப்போது கொஞ்சம் நுட்பம். கம்ப்ரசர் என்ற கருவி, ஒலி பெரிதாகும்போது அமுக்கும், சிறிதானதும் விட்டுவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் அது வேலை செய்வதே தெரியக்கூடாது என்பார்கள். இவர்கள் அதைத் தெரிகிற மாதிரியே அழுத்தினார்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம் 'தும்' என்று விழும்போது மற்ற எல்லா ஒலியும் உள்ளே ஒடுங்கும். அடுத்த அடிக்குள் மறுபடி பொங்கி எழும். தும், எழுச்சி. தும், எழுச்சி. கண்ணை மூடிக் கேளுங்கள், நெஞ்சு ஏறி இறங்குவது போலிருக்கும். இயந்திரத்துக்கு மூச்சு வந்துவிட்டது!

2001-இல் இரண்டாவது ஆல்பம் 'டிஸ்கவரி'. அதிலுள்ள 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' பாட்டின் உயிர், அமெரிக்க இசைக்கலைஞர் எட்வின் பேர்ட்சாங் 1979-இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டு. அவர் பெயரையும் பாடலாசிரியர்களில் ஒருவராகப் போட்டார்கள். ஹெல்மெட் தலைக்கு ஏறியதும் இந்தச் சமயத்தில்தான்.

2005-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தை ஆறே வாரத்தில் முடித்தார்கள். என் காதுக்கு அது வறண்டதுதான். ஆனால் 2006-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் ஒளிரும் பிரமிடுக்குள் நின்று, அதே பாட்டுகளைத் தங்கள் பழைய பாட்டுகளோடு பின்னிப் பிணைத்து வாசித்தபோது, அந்த வறட்சி எங்கே போனதென்றே தெரியவில்லை.

2013-இல் வந்த 'ரேண்டம் ஆக்ஸஸ் மெமரிஸ்' ஆல்பத்தைப் பற்றி நான் இரவு முழுக்கப் பேசுவேன். படுக்கையறையில் இயந்திரங்களோடு தொடங்கியவர்கள், இருபது வருடம் கழித்து டிரம்ஸுக்கு ஒமர் ஹக்கீமையும் கிட்டாருக்கு நைல் ராட்ஜர்ஸையும் நேரில் உட்காரவைத்தார்கள். எழுபதுகளில் மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரை டிஸ்கோவுக்குக் கொண்டுவந்த ஜோர்ஜியோ மொரோடரை அழைத்து, பாட வேண்டாம், உங்கள் கதையைச் சொல்லுங்கள் போதும் என்றார்கள். அவர் போய் உட்கார்ந்தால் முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள். வாழ்க்கையின் எந்தக் காலத்தைச் சொல்கிறாரோ, அந்தக் காலத்து மைக்கில் அந்தப் பகுதி பதிவாக வேண்டுமாம். வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் கேட்டதற்கு, தோமாவுக்குத் தெரியும் என்று பதில் வந்ததாம்.

அந்த ஆல்பம் 2014 ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. மேடையேறிய ரோபோக்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் சார்பில் நன்றி சொன்னவர், அதே ஆல்பத்தில் பாடிய பால் வில்லியம்ஸ்.

இருபத்தெட்டு ஆண்டுகளில் நான்கே ஸ்டூடியோ ஆல்பங்கள். 2021 பிப்ரவரி 22 அன்று ஒரு வீடியோ வெளியிட்டார்கள். பாலைவனத்தில் ஒரு ரோபோ திரும்பி நின்று முதுகைக் காட்டுகிறது. மற்றது அந்த முதுகிலிருந்த விசையைத் தட்டுகிறது. முதல் ரோபோ தனியே நடந்துபோய் வெடித்துச் சிதறுகிறது. பிரிவை அறிவித்த விதம் அதுதான். அன்று நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தோமா அதற்குப் பிறகு ஒரு பாலே நாடகத்துக்கு இசை எழுதினார். 2022-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் அரங்கேறி, அடுத்த ஆண்டு ஆல்பமாக வந்தது. வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று முழு ஆர்கெஸ்ட்ரா. ஒரு சிந்தசைசர்கூட இல்லை. அதைப் பற்றிப் பேச வந்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இல்லை.