நெட்பாலில் பழகிய கைகள்

மாணவிகளே, வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

பசிபிக் தீவு நாடான ஃபிஜியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி என்றால் ஊரே கூடிவிடும். ஆனால் வெகுகாலம் அது ஆண்பிள்ளைகளின் ஆட்டமாகவே இருந்தது. பெண்பிள்ளைக்கென்று பள்ளியில் ஒதுக்கியது, கூடைப்பந்து போல வளையத்தில் பந்து போடும் நெட்பால். அதைத் தாண்டி ரக்பி ஆடப் போன பெண்கள் பலர் முதலில் வீட்டாரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்களில் நெட்பால் ஆடி வளர்ந்தவர்கள் உண்டு. அந்த நெட்பால் வீண்போகவில்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நெட்பாலில் பந்து கைக்கு வந்தால் 3 விநாடிக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பந்தோடு ஓட முடியாது. ஊன்றிய காலை எடுத்தால், மறுபடி அதைத் தரையில் வைப்பதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். அதனால் பந்தைப் பிடிக்கும்போதே, அடுத்து யார் என்று கண் தேடிவிடும்.

இனி ரக்பிக்கு வாருங்கள். ஒருத்தி பந்தோடு ஓடுகிறாள், எதிரணிக்காரி இடுப்பைக் கட்டிச் சாய்க்கிறாள். விழுகிற அந்த நொடியில், பக்கத்தில் ஓடி வருகிறவளிடம் ஒற்றைக் கையால் பந்தைத் தள்ளிவிடுகிறாள். ஃபிஜி ஆட்டத்தின் உயிரே இதுதான். இதற்கு வேண்டிய கையும் கண்ணும் நெட்பாலில் பழகுபவை. சரி, எல்லாமே அப்படிக் கைகொடுக்காது. ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது. மேலே படாமல் விலகி நின்று பழகியவள், இங்கே தோளைக் கொடுத்து மோத வேண்டும்.

ஒலிம்பிக்கில் ஆடுவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதில் ஃபிஜி ஆண்கள் தங்கம் வென்றார்கள். நாட்டுக்கே அது முதல் ஒலிம்பிக் பதக்கம். பெண்கள் அணி எட்டாவது. அந்த அணியில் ஆடிய ருசிலா நகசாவு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தலைவி. காலிறுதியில், ரியோவில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவை 14-12 என்று வெளியேற்றினார்கள். அரையிறுதியில் நியூசிலாந்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்துப் போய் 17-22 என்று தோற்றார்கள். அழுது தீர்க்கக்கூட நேரமில்லை. அன்றைக்கே அடுத்த ஆட்டம். பிரிட்டனை 21-12 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். என் மனதில் அந்த வெண்கலம் தங்கத்துக்குக் குறைந்ததல்ல.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் அவர்களுக்கு முதல் உலகக் கோப்பை 2022-இல் வந்தது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 84-19 என்று நொறுக்கியது. இப்படி அடி வாங்கினால் எந்த அணிக்கும் கால் தளரும். ஆனால் அடுத்த வாரமே, ஆட்டம் முடியப்போகும் வேளையில் கரலைனி நைசேவா எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்ற, தென்னாப்பிரிக்கா 21-17 என்று தோற்றது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஃபிஜிப் பெண்களின் ஃபிஜியானா துருவா அணி, ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ என்ற பெண்கள் ரக்பிப் போட்டியில் புதிதாக நுழைந்து, ஒரு ஆட்டமும் தோற்காமல் கோப்பையைத் தூக்கியிருந்தது.

அப்புறம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். பெண்களுக்கு ரக்பி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது வசதியாகப் போயிருக்கும். மறு ஆண்டு, பதினைந்து பேர் ஆடும் உலகக் கோப்பையில் ஃபிஜிப் பெண்கள் வேல்ஸை 28-25 என்று வென்றார்கள்.